பிரசவ அறையில் அதட்டல்: வாசகிகள் கேள்விகளும் பதில்களும்

பேறுகாலச் செவிலியர் கவனிப்பு பற்றி வந்த கடிதங்களில் சில இங்கே. பதில் எழுதுபவர்கள் பிரசவ அறைப் பணியையும் செவிலியர் பயிற்சியையும் நன்கு அறிந்தவர்கள். கடிதம் எழுதியவர்களின் பெயர்களையும் மருத்துவமனைப் பெயர்களையும் நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: தலைப்பிரசவம். வலி தாங்காமல் கத்தினேன். "உனக்கு மட்டும்தான் வலியா? வாயை மூடு" என்று நர்ஸ் அதட்டினார். காலை ஒடுக்கியதற்குத் தொடையில் அறைந்தார். இன்னொருவர் ஸ்டூலில் ஏறி முழங்கையால் என் மேல்வயிற்றை அழுத்தித் தள்ளினார். கீழே வெட்டியதே எனக்குத் தையல் போடும்போதுதான் தெரிந்தது; ஒவ்வொரு குத்தும் உறைத்தது. "குழந்தை நல்லபடியா பிறந்துச்சுல்ல, விடு" என்கிறார்கள் வீட்டில். இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதானா?

பதில்: பலருக்கு நடக்கிறது. அதனாலேயே அது முறையாகிவிடாது. நீங்கள் எழுதிய நான்கையும் தனித்தனியே எடுத்துக்கொள்வோம். நான்கின் கனமும் ஒன்றல்ல.

கத்தியதில் தவறே இல்லை. வலியில் எழும் சத்தத்தால் குழந்தைக்கு ஒரு கெடுதலும் கிடையாது. கருப்பை வாய் முழுதாகத் திறந்து முக்கும் கட்டம் வந்தபின், உச்சக்குரலில் நீளமாகக் கத்தினால் மூச்சு வெளியே போய் முக்கும் விசை குறையும் என்பது மட்டும் மெய். அப்போது நர்ஸ் சொல்ல வேண்டியது, "தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்குங்கம்மா, அடித்தொண்டையில முனகுங்க, உங்களுக்கா எப்ப முக்கணும்னு வருதோ அப்ப முக்குங்க" என்பதுதான். இதைச் சொல்லப் பத்து விநாடி போதும். அதட்டவும் அதே பத்து விநாடிதான் ஆகிறது.

தொடையில் அறைவதற்கு மருத்துவக் காரணம் என்று ஒன்று கிடையாது. வலியில் கால் ஒடுங்குவது உடல் தானாகச் செய்வது. தலை வெளிவரும் நேரம் என்றால் பக்கத்துக்கு ஒருவராக நின்று முழங்காலைத் தாங்கலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து மேல்காலை மட்டும் தூக்கிப் பிடிக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட அறிக்கை, பிரசவத்தின்போது அடிப்பது, இழிவாகப் பேசுவது, ஒப்புதல் பெறாமல் சிகிச்சை செய்வது, வலிமருந்து தர மறுப்பது ஆகியவற்றைப் பெண்ணின் உரிமையை மீறும் செயல்களாகவே வரிசைப்படுத்துகிறது.

மேல்வயிற்றை அழுத்தியதுதான் நான்கில் ஆபத்து மிகுந்தது. பிரசவத்தை விரைவாக்க இப்படித் தள்ளக்கூடாது என்று 2018இல் வந்த அதே நிறுவனத்தின் பிரசவப் பராமரிப்புப் பரிந்துரை சொல்கிறது. கருப்பையின் உச்சியில் விழும் விசை குழந்தையை நேராக இறக்கும் என்று உறுதியில்லை. மலவாய்த் தசை வரை கிழியலாம், விலா எலும்பு முறியலாம், முன்பு சிசேரியன் ஆன கருப்பையாக இருந்தால் தழும்பு பிளக்கலாம். ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தலை வெளிவந்தபின் குழந்தையின் தோள் மாட்டிக்கொண்டால், அடிவயிற்றில், முன் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே அழுத்துவார்கள். அது உயிர்காக்கும் அவசரச் செயல். உங்களை அழுத்தியது தலை வருவதற்கு முன்பா பின்பா, மார்புக்குக் கீழா அடிவயிற்றிலா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். விடை அதில் இருக்கிறது.

வெட்டுக்கு வருவோம். எபிசியோட்டமியை, அதாவது பிறப்புறுப்பின் வாயை அகலமாக்கப் போடும் வெட்டை, எல்லோருக்கும் வழக்கமாகப் போடத் தேவையில்லை. குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குவது, ஆயுதம் போட்டு எடுப்பது போன்ற நேரங்களில் தேவைப்படலாம். அப்போதும் "கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கு, மரத்துப்போக ஊசி போடுறேன், சரியா?" என்று கேட்டே ஆகவேண்டும். மரப்பு ஊசிக்குப் பொதுவாக 0.5 சதவீத லிக்னோகெய்ன் சுமார் 10 மில்லி. போட்டதும் 2 நிமிடம் காத்திருந்து, இடுக்கியால் கிள்ளிப் பார்க்க வேண்டும். வலித்தால் இன்னும் 2 நிமிடம் பொறுத்து மறுபடி கிள்ள வேண்டும். வெட்டும்போது போட்ட ஊசி, நஞ்சுக்கொடி வெளிவந்து தையலுக்கு உட்காரும் நேரத்தில் தணிந்துபோயிருக்கலாம். அப்போது மறுபடி போட வேண்டும். "ஏற்கெனவே போட்டாச்சு, பொறுத்துக்கோ" என்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வருகிறது. தையலில் இழுபடுவதும் அழுத்துவதும் தெரியலாம். சுருக்கென்ற குத்து தெரியக்கூடாது.

இப்போது உடனே பார்த்துக்கொள்ள வேண்டியது: வாயுவையோ மலத்தையோ அடக்க முடியாமை, தையலில் சீழ் அல்லது துர்நாற்றம், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி. ஒன்று இருந்தாலும் தயங்காமல் மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, மலவாய்த் தசையையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் மறைப்பவர்கள் நிறைய.

வீட்டார் சொல்லும் "விடு" என்ற சொல்லுக்கும் ஒரு பதில் உண்டு. அதட்டல் நாகரிகக் குறைவு என்பதோடு நிற்பதில்லை. பிரசவ அறையில் முதலில் அடிக்கும் அபாய மணி தாயின் வாய்தான். "தலை சுத்துது", "கீழே சூடா ஏதோ ஓடுது", "கண் மங்குது" என்று அவள் சொல்வதை வைத்துத்தான் பல விபரீதங்கள் நேரத்தில் பிடிபடுகின்றன. இரண்டு முறை அதட்டு வாங்கியவள் மூன்றாம் முறை சொல்வதில்லை. நாங்கள் இந்தப் பகுதியில் திரும்பத் திரும்பச் சொல்ல வருவது இதைத்தான்.

கேள்வி: குழந்தை பிறந்தபின்பும் நர்ஸ் வந்து வந்து வயிற்றை அமுக்கினார். உயிர் போனது. இதுவும் கொடுமைதானே?

பதில்: இல்லை. இது தேவையான வேலை. சொல்லாமல் செய்ததுதான் குறை.

நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் கருப்பையின் உள்சுவரில் ரத்தக்குழாய்கள் திறந்து கிடக்கும். கருப்பை இறுகினால்தான் அவை நெரிபட்டு அடைபடும். அதனால் கையை வைத்துப் பார்க்கிறார்கள். தொப்புள் மட்டத்தில், உங்கள் நெற்றியைத் தொட்டால் எப்படியோ அப்படிக் கெட்டியாக இருந்தால் நல்லது. கன்னம்போல் தொளதொளவென்றிருந்தால் உடனே தேய்த்து இறுக்க வேண்டும், மருந்தும் தரவேண்டும். முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது பரவலான வழக்கம். கூடவே நாடி, ரத்த அழுத்தம், பேடில் எவ்வளவு ரத்தம் என்பதையும் பார்க்க வேண்டும். யாரும் வந்து வயிற்றைத் தொடவே இல்லை என்றால்தான் புகார் சொல்ல வேண்டும்.

அதிலும் ஒரு நுணுக்கம். குழந்தை பிறந்ததும் கருப்பையை இறுக்கும் ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட் போட்டிருந்து, கருப்பையும் கெட்டியாக இருந்தால், சும்மா தொடர்ந்து பிசைந்துகொண்டே இருக்கத் தேவையில்லை. தொட்டுப் பார்த்தால் போதும். தேய்க்கும்போதும் ஒரு கை அடிவயிற்றைத் தாங்கியிருக்க வேண்டும், மறு கை உச்சியில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒற்றைக் கையால் குத்தி அமுக்கினால் வலி கூடும்.

முழு பேட் ஒரு மணி நேரத்துக்குள் நனைந்துவிட்டால், முட்டை அளவோ அதைவிடப் பெரிதாகவோ ரத்தக்கட்டி விழுந்தால், படபடப்போடு வியர்த்தால், யார் என்ன சொன்னாலும் மணியை அடியுங்கள். 500 மில்லிக்கு மேல் போனாலே அது பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு என்ற கணக்கில் வந்துவிடும். விரிப்பில் ஊறியதையும் உடம்புக்கு அடியில் தேங்கியதையும் கண்ணால் பார்த்துக் குறைவாக மதிப்பிடுவது எங்கும் நடக்கும் பிழை.

கேள்வி: மணிக்கு ஒருமுறை உள் பரிசோதனை, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஆள். திரை கூடப் போடவில்லை. மறுத்ததற்கு "அப்ப வீட்லயே பெத்துக்க வேண்டியதுதானே" என்றார்கள்.

பதில்: சிக்கல் இல்லாத பிரசவத்தில், கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்து வலி வேகமெடுத்த பிறகு, 4 மணி நேரத்துக்கு ஒரு பரிசோதனை போதும். அதற்கு முன்னதாகப் பார்க்கக் காரணம் இருக்கலாம்: பனிக்குடம் உடைவது, குழந்தையின் துடிப்பில் மாற்றம், முக்க வேண்டும் என்ற உந்துதல், வலிமருந்து தரும் முன். காரணம் இருந்தால் அதை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியும். பயிற்சி மாணவர்கள் கற்க வேண்டியவர்கள்தாம். அதற்காக ஒரே பெண்ணை ஒருவர் பின் ஒருவராகப் பார்ப்பது கூடாது. விரல் போகும் ஒவ்வொரு முறையும், அதிலும் பனிக்குடம் உடைந்தபின், தொற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது.

நீங்கள் சொல்லக்கூடியது: "சிஸ்டர், கடைசியா எத்தனை மணிக்குப் பார்த்தாங்க, எத்தனை சென்டிமீட்டர்னு எழுதியிருக்கு? இப்ப எதுக்குப் பார்க்கணும்?" கேள்வி கேஸ் ஷீட்டைத் திறக்கவைக்கும். திறந்தால் பாதி நேரம் பரிசோதனையே தேவைப்படாது. "வலி வருது, இது போகட்டும், அப்புறம் பாருங்க" என்பதும் நியாயமான வேண்டுகோள்தான்.

கேள்வி: முதுகில் மரப்பு ஊசி போட்டுப் பிரசவம். பிறகு சிறுநீர் கழிக்க பெட்பேன் கேட்டேன். "இப்பதானே கேட்டே, பொறு" என்றார்கள். பத்து மணி நேரம் கழித்து வயிறு வீங்கி, டியூப் போட்டபோது ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. பிறகு ஒரு வாரம் சிறுநீர் சரியாகப் போகவில்லை.

பதில்: பெட்பேன்தானே என்று அலட்சியப்படுத்துகிற இடத்தில்தான் இப்படி உண்மையான சேதம் நடக்கிறது. முதுகு ஊசிக்குப் பிறகு சிறுநீர்ப்பை நிறைந்த உணர்வே சில மணி நேரம் வராமல் போகலாம். சொட்டுச் சொட்டாக அடிக்கடி போவதும் "போகிறது" என்று கணக்காகிவிடும். உண்மையில் அது நிரம்பி வழிவது. பை அளவுக்கு மீறி விரிந்தால் அதன் தசை சோர்ந்துபோய் நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில், சுருங்க மறுக்கும். இன்னொரு கேடும் உண்டு: நிறைந்த பை கருப்பையை ஒரு பக்கம் தள்ளி அதை இறுகவிடாமல் செய்து, ரத்தப்போக்கைக் கூட்டும்.

அதனால்தான் பிறந்து 6 மணி நேரத்துக்குள் சிறுநீர் போனதா என்று பார்த்து எழுதுவது விதி. அளவுக் குவளையில் பிடித்தால் இன்னும் நல்லது. போகவில்லை என்றால் முதலில் எழுப்பி உட்காரவைப்பது, திரை போட்டுத் தனிமை தருவது, தண்ணீர் ஓடும் சத்தம், வெதுவெதுப்பான நீரைத் தையல்மேல் ஊற்றிக்கொண்டே போகவைப்பது. அதற்கும் வராவிட்டால் கதீட்டர், அதாவது சிறுநீரை வடிக்கும் டியூப். அதைத் தள்ளிப்போடக் கூடாது. உங்கள் கேஸ் ஷீட்டில் "முதல் சிறுநீர்" என்ற குறிப்பு எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி என்று பாருங்கள். காலியாக இருந்தால் அதுவே உங்கள் புகாரின் முதல் வரி.

கேள்வி: ட்ரிப்பில் மருந்து போட்டதிலிருந்து வலி ஓயவே இல்லை. சொன்னால் "வலி வரத்தானே போட்டிருக்கு" என்றார் நர்ஸ்.

பதில்: வலி வரத்தான். ஓயாமல் வர அல்ல. 10 நிமிடத்தில் 5 முறைக்கு மேல் வலி வந்தாலோ, இரண்டு வலிக்கு நடுவே வயிறு தளரவே இல்லை என்றாலோ, குழந்தைக்கு ரத்தம் போகும் இடைவெளி குறைகிறது. உடனிருப்பவர் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, கடிகாரம் பார்த்து, இறுகும் நேரத்தையும் தளரும் நேரத்தையும் தாளில் எழுதட்டும். "வலி ஜாஸ்தியா இருக்கு" என்றால் காதில் ஏறாது. "பத்து நிமிஷத்துல ஆறு தடவை இறுகிச்சு, சிஸ்டர்; குழந்தை துடிப்பைப் பாருங்க" என்றால் ஏறும். ட்ரிப்பின் உருளையை மட்டும் நீங்களாகத் திருப்பாதீர்கள். குறைப்பதும் நிறுத்துவதும் அவர்கள் வேலை, எழுதிவைப்பதும் அவர்கள் வேலை.

கேள்வி: புகார் கொடுக்க நினைக்கிறேன். எப்படி எழுதினால் எடுபடும்?

பதில்: முதலில் நினைவு மங்குவதற்குள், நடந்ததை நேரவரிசையில் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். உடனிருந்தவரும் தனியாக எழுதட்டும். இருவரும் பேசி ஒன்றாக்க வேண்டாம். அடுத்து, ஆவணப் பிரதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கேஸ் ஷீட், பிரசவ முன்னேற்ற வரைபடம், மருந்து ஏடு, செவிலியர் குறிப்புகள், ஒப்புதல் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி. அவற்றில் பார்க்க வேண்டியவை: வெட்டு என்றால் காரணம் எழுதியிருக்கிறதா, லிக்னோகெய்ன் எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு; கிழிசலின் நிலை; ரத்தப்போக்கு அளவு; குழந்தையின் துடிப்பு. வலி வேகமெடுத்த பிறகு 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும் முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் துடிப்பு கேட்டு எழுதியிருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் வெற்றிடம் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதியதுபோன்ற எட்டு மணி நேரக் குறிப்பும் கவனிக்கத்தக்கதுதான்.

புகாரில் அடைமொழி வேண்டாம். "நர்ஸ்கள் மிகக் கேவலமாக நடந்துகொண்டார்கள்" என்ற வரியை விசாரிப்பவர் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: "3ஆம் தேதி அதிகாலை சுமார் 2.10 மணிக்கு, பிரசவ அறையின் இரண்டாம் கட்டிலில் நான் இருந்தபோது, இரவுப் பணியிலிருந்த, கண்ணாடி அணிந்த செவிலியர் என் வலது தொடையில் இருமுறை அறைந்தார். 'உனக்கு மட்டும்தான் வலியா' என்றார். அப்போது இன்னொரு செவிலியரும் உடனிருந்தார்." தேதி, நேரம், இடம், செயல், சொன்ன சொல், சாட்சி. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. பணிப் பட்டியல் அவர்களிடம் இருக்கிறது. "வேண்டுமென்றே", "பணத்துக்காக" என்று நோக்கம் கற்பிக்காதீர்கள். நிரூபிக்க முடியாத ஒரு சொல் மற்ற எல்லாவற்றையும் கீழே இழுத்துவிடும்.

கடைசிப் பத்தியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்: விளக்கமா, மன்னிப்பா, நடவடிக்கையா, நடைமுறை மாற்றமா. இதை எழுதாத புகார்கள்தாம் "வருந்துகிறோம்" என்ற ஒற்றை வரிப் பதிலோடு முடிகின்றன. பேச்சும் நடத்தையும் என்றால் முதலில் செவிலியர் கண்காணிப்பாளருக்கும் மருத்துவமனை நிர்வாகத்துக்கும். உடலில் சேதம் என்றால் செவிலியர், மருத்துவர் பதிவை வைத்திருக்கும் மன்றத்துக்கும். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோ கையொப்பமோ இல்லாமல் திரும்பாதீர்கள். நல்லபடி கவனித்தவர் யாராவது இருந்தால் அவரைப் பற்றியும் ஒரு வரி எழுதலாம். புகாரின் நம்பகம் கூடும்.

கேள்வி: நான் ஒரு செவிலியர். இரண்டு பேர் ஆறு கட்டிலைப் பார்க்கிறோம். எங்களைத் திட்டுவது சுலபம்.

பதில்: ஒப்புக்கொள்கிறோம். ஆள் பற்றாக்குறையைச் செவிலியர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அதற்கு எழுத்துதான் ஆயுதம்: ஒவ்வொரு ஷிப்ட் ஒப்படைப்பிலும் "பிரசவ வலியில் 6, பணியில் 2" என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். நாளை ஏதாவது நடந்தால் உங்களைக் காப்பதும், ஆள் கேட்க ஆதாரமாவதும் அந்த வரிதான்.

ஆனால் அறைவதற்கு ஆள் பற்றாக்குறை காரணமாகாது. நேரம் தின்னாத மூன்று பழக்கங்கள் இருக்கின்றன. தொடும் முன் மூன்று வாக்கியம்: என்ன செய்யப்போகிறேன், எவ்வளவு நேரம், வேண்டாமென்றால் கையைத் தூக்குங்கள். கேள்வியோ விளக்கமோ எதுவானாலும் வலி தணிந்த இடைவெளியில். வலியின் உச்சத்தில் சொல்லும் எதுவும் அவள் காதில் விழாது, "கேக்கமாட்டேங்கறா" என்ற எரிச்சல்தான் மிஞ்சும். மூன்றாவது, உடனிருக்கும் உறவினரை வேலைக்கு எடுத்துக்கொள்வது. இடுப்பைத் தேய்க்க, தண்ணீர் தர, நேரம் குறிக்க அவர் இருந்தால் உங்கள் கை மிச்சம். 2020இல் வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் பிரசவக் கவனிப்புத் தாளில் துணைக்கு ஆள் உண்டா, வலி தணிக்க ஏதாவது தந்தீர்களா, குடிக்கத் தந்தீர்களா, எந்த நிலையில் படுத்திருக்கிறாள் என்பதற்கெல்லாம் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. கனிவு என்பது அந்தத் தாளில் நிரப்ப வேண்டிய கட்டமாகிவிட்டது.

கேள்வி: முதல் பிரசவம் முடிந்து இரண்டு ஆண்டு. இன்னும் அந்த அறை கனவில் வருகிறது. இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறேன்.

பதில்: பிரசவத்துக்குப் பின் வரும் அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்துக்குள் தணிவது இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் கனவு, திடுக்கிடல், மருத்துவமனை வாசலைக் கண்டாலே நடுக்கம் என்று நீடித்தால் அது அதிர்ச்சியின் விளைவு. அதற்குச் சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரை இப்போதே பாருங்கள். ஏழாம் மாதம் வரை தள்ளிப்போட வேண்டாம்.

பழைய கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் ஒரு தனி நேரம் கேளுங்கள். எது ஏன் நடந்தது என்று பக்கம் பக்கமாகத் தெரிந்துகொண்டாலே பயத்தில் ஒரு பங்கு உதிரும். பிரசவ அறையை முன்கூட்டியே ஒருமுறை பார்க்க அனுமதி கேளுங்கள். உடன் ஒருவரை அனுமதிப்பார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் தேட இன்னும் நேரமிருக்கிறது.

பிறகு அரைப்பக்கத் தாள் ஒன்று, கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் பின் செய்ய. நீளமாக எழுதினால் இரவு ஷிப்டில் யாரும் படிக்கமாட்டார்கள். ஐந்து வரி போதும்: "முதல் பிரசவத்தில் கடுமையான அனுபவம், பயம் அதிகம். தொடும் முன் சொல்லுங்கள். வெட்டுவதானால் கேட்டு, மரப்பு ஊசி போட்டு, கிள்ளிப் பார்த்துச் செய்யுங்கள். மேல்வயிற்றை அழுத்த வேண்டாம். என் துணை கூடவே இருப்பார்." இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று தொலைந்துபோகும்.